காகிள்ஸ் மாட்டியதும் வானம் மறைந்துவிடும்

எனக்கு வெள்ளெழுத்து வந்து ஏழெட்டு வருடங்கள் ஆகின்றன. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் ரிமோட்டில் மாட்டிய போன் திரை தெளிவாகத் தெரியும், வானத்தில் நிற்கும் ட்ரோன் மங்கிவிடும். கழற்றினால் ட்ரோன் தெரியும், பேட்டரி எத்தனை சதவீதம் என்று படிக்க முடியாது. இதோடு வெயிலும் சேர்ந்துகொள்ளும். உச்சி வெயிலில் போன் திரையில் என் முகம்தான் தெரியும், படம் தெரியாது. திரைக்கு மேல் அட்டையில் கூரை செய்து ஒட்டிப் பார்த்தேன். வெளிச்சத்தை முழுசாகக் கூட்டினேன், போன் சூடாகித் தானாகவே மங்கியது. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் அடிவானம் சாய்ந்திருக்கும், வானம் வெளுத்துப்போயிருக்கும்.

இந்த வேதனையில்தான் காகிள்ஸ் பக்கம் போனேன். ட்ரோனின் கேமரா பார்ப்பதைக் கண்ணுக்கு முன்னாலேயே திரையில் காட்டும், முகமூடிபோல் மாட்டிக்கொள்ளும் கருவி அது. பந்தய ட்ரோன் ஓட்டுகிறவர்கள் மாட்டுவது. பந்தய ட்ரோன் ஓட்டும் ஆசை எனக்கு இல்லை. கிம்பலில், அதாவது கேமராவை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் தாங்கியில், கேமரா தொங்கும் சாதாரண ட்ரோனில், நான் என்ன எடுக்கிறேன் என்பதை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். கிடைத்தது. நான் எதிர்பாராத சிலவற்றையும் அதற்கு விலையாகக் கொடுத்தேன். புதிதாக மாட்டப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் கண்ணைப் பற்றி. இதில்தான் நான் இரண்டு வாரம் வீணாக்கினேன்.

பல காகிள்ஸில் ஒவ்வொரு கண்ணுக்கும் டயாப்டர் திருகு, அதாவது லென்ஸின் பவரை மாற்றும் திருகு, இருக்கும். டிஜேஐ என்ற ட்ரோன் நிறுவனத்தின் காகிள்ஸ் 2 மாடலில் +2 முதல் -8 வரை திருப்பலாம். என் படிக்கும் கண்ணாடி +2. திரை கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று நானும் +2 வைத்தேன். பத்து நிமிடத்தில் நெற்றி வலித்தது, எழுத்துகள் கலங்கின. காரணம் பிறகுதான் புரிந்தது. திரை கண்ணுக்கு அருகில் இருந்தாலும், இடையில் இருக்கும் லென்ஸ் அந்தப் படத்தைச் சில மீட்டருக்கு அப்பால் இருப்பதுபோலக் காட்டுகிறது. அதனால் அங்கே தேவைப்படுவது தூரப் பார்வைக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த எண். எனக்கு அது கிட்டத்தட்ட பூஜ்யம். திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததும் எழுத்தெல்லாம் கல்வெட்டுபோல் நின்றது. என்னைப்போல் வெள்ளெழுத்து மட்டும் உள்ளவர்களுக்கு காகிள்ஸ் உண்மையிலேயே ஒரு வரம், படிக்கும் கண்ணாடியே வேண்டியதில்லை.

அடுத்தது இரண்டு கண்மணிகளுக்கு இடையிலான தூரம். பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். கண்ணாடிக் கடையில் அளந்து சொல்வார்கள். அந்த எண்ணுக்கு லென்ஸ்களை நகர்த்திவைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நான்கு மூலைகளையும் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் மூலை எழுத்து கூர்மையாக இருந்தால் சரி. சிதறல் பார்வை (அஸ்டிக்மேடிசம்) உள்ளவர்களுக்கு டயாப்டர் திருகு போதாது, அது அந்தக் குறையைச் சரிசெய்யாது. அவர்கள் தனி லென்ஸ் செய்து பொருத்த வேண்டும், அல்லது கண்ணாடியோடு மாட்டக்கூடிய பெட்டி வடிவ மாடலுக்குப் போக வேண்டும். 2017-இல் வந்த முதல் டிஜேஐ காகிள்ஸ் அப்படிப்பட்டது, 2024-இல் வந்த என்3 மாடலும் அப்படித்தான். கண்ணாடியோடு மாட்டினால் இரண்டு லென்ஸும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கீறல் விழுந்துவிடும்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. எல்லா கேமரா ட்ரோனும் எல்லா காகிள்ஸோடும் சேராது. ஒரே நிறுவனத்தின் பொருள்களே ஒன்றோடொன்று பேசாது. டிஜேஐயின் மினி 4 ப்ரோ ட்ரோன் காகிள்ஸ் 2 உடன் இணையும், மினி 2 ட்ரோன் இணையாது. நிறுவனம் வெளியிடும் பொருத்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, எந்த ரிமோட்டோடு இணையும் என்பதையும் உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

சரி, முதல் பறத்தல். நின்றுகொண்டு மாட்டினேன். ட்ரோனை 30 மீட்டருக்கு ஏற்றி, மெல்ல இடப்பக்கம் திருப்பினேன். உலகம் திரும்பியது, என் கால் திரும்பவில்லை. நான்காவது நிமிடம் வாயில் எச்சில் ஊறியது, கழுத்து வேர்த்தது. கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அன்று முழுதும் தலை லேசாகவே இருந்தது.

கண் "நகர்கிறாய்" என்று சொல்ல, உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு "இல்லை, அசையாமல் இருக்கிறாய்" என்று சொல்ல, இரண்டுக்கும் நடுவே வயிறு அவதிப்படுகிறது. கப்பலில் வருவதும் இதன் இன்னொரு வடிவம்தான். எனக்கு உதவியது என்ன என்றால், முதுகுக்குச் சாய்வுள்ள நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டியது. முதல் ஐந்தாறு பறத்தலில் நேராக முன்னால் போவது, நிற்பது, இவ்வளவு மட்டும் செய்தேன். திருப்புவதே இல்லை. வேர்வையோ எச்சிலோ வந்த அந்த நொடியே கழற்றிவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு பழகலாம் என்று நினைக்காதீர்கள். அப்படிச் செய்தால் மறுநாள் காகிள்ஸைக் கையில் எடுத்தாலே குமட்டும். மூன்று வாரத்தில் எனக்குப் பழகிவிட்டது. ஓட்டுகிறவரைவிட, இன்னொரு காகிள்ஸ் மாட்டிக்கொண்டு சும்மா பார்க்கிறவருக்குத்தான் தலைசுற்றல் அதிகம். காரிலும் அப்படித்தானே, ஓட்டுநருக்கு வாந்தி வருவதில்லை. அடுத்த திருப்பம் எப்போது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே விருந்தினரை மகிழ்விக்க காகிள்ஸைக் கொடுத்தால், மெதுவாக ஓட்டுங்கள்.

இப்போது என் ட்ரோன் மோதிய மரத்துக்கு வருகிறேன்.

ஏரிக்கரை ஓரமாக ஒரு தனிப் படகு. அதிலிருந்து ட்ரோனைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போய் முழு ஏரியையும் காட்ட வேண்டும் என்பது திட்டம். உயரம் 12 மீட்டர், வேகம் நொடிக்கு 3 மீட்டர் இருக்கும். என் ட்ரோனில் தடை உணரும் சென்சார் முன்னாலும் கீழேயும் மட்டும்தான் உண்டு, பின்னால் கிடையாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். பக்கத்தில் என் மகன் நின்றான், வானத்தைப் பார்த்துக்கொள்ள. காகிள்ஸுக்குள் காட்சி அவ்வளவு அழகாக விரிந்தது, படகு சுருங்கி, நீர் பெருகி, கரையின் வளைவு முழுசாக உள்ளே வந்தது. அப்போது சத்தம் கேட்டது. எதையும் பார்ப்பதற்கு முன்னாலேயே இலைகள் கிழிபடும் சத்தம். படம் ஒரு சுற்றுச் சுற்றி, கிளைகளுக்கு நடுவே நின்றது.

மகனைக் கேட்டேன். அவன் கையிலிருந்த போனை நீட்டினான். காகிள்ஸில் ஓடும் அதே காட்சியை அவனும் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். "சூப்பரா இருந்துச்சும்மா, அதையே பார்த்துட்டேன்" என்றான். அவன்மேல் தவறே இல்லை. நேரடிக் காட்சியை அவன் போனுக்கு அனுப்பிவைத்தது நான். இரண்டு பேர், நான்கு கண்கள், எல்லாமே படத்தில். ட்ரோனைப் பார்க்க ஒருவரும் இல்லை. இரண்டு இறக்கைகள் ஒடிந்தன, கிம்பலின் கை வளைந்தது. அந்தக் கிளைக்குக் கீழே ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற எண்ணம் அன்றிரவு தூங்கவிடவில்லை.

போன் திரையைப் பார்த்து ஓட்டும்போது, தலையை நிமிர்த்தினால் வானம் இருக்கும். ட்ரோன், மரம், பறவை, மேகம் எல்லாமே கண்ணோரத்தில் இருக்கும். காகிள்ஸ் மாட்டியதும் இது முழுசாக மறைந்துவிடும். கேமரா எங்கே பார்க்கிறதோ அதுதான் உலகம். பின்னால், பக்கவாட்டில், மேலே எதுவும் இல்லை. கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பியிருந்தால் முன்னாலும் இல்லை. படம் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு தெளிவாக இருப்பதால், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மனம் நம்பிவிடுகிறது. அதுதான் ஆபத்து.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சட்டமே இதைச் சொல்கிறது. காகிள்ஸ் மாட்டி ஓட்டும்போது, தொலைநோக்கி இல்லாத வெறுங்கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் கூட இருக்க வேண்டும். விதிகளில் அவருக்கு அப்சர்வர் என்று பெயர். எங்கள் வீட்டில் துணைக்கண் என்கிறோம். நீங்கள் பறக்கவிடும் இடத்தின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். விதி கேட்காவிட்டாலும் துணைக்கண் இல்லாமல் நான் காகிள்ஸை வெளியே எடுப்பதில்லை.

மரத்துக்குப் பிறகு நானும் மகனும் உட்கார்ந்து சில ஒப்பந்தங்கள் போட்டோம். போன் அவன் பைக்குள் இருக்கும். ஆபத்தென்றால் ஒரே சொல்: "நில்!" கேட்டதும் இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிடுவேன். ஜிபிஎஸ் பிடித்த கேமரா ட்ரோன் ஸ்டிக்கை விட்டால் பிரேக் போட்டு அங்கேயே மிதக்கும். ஏன், என்ன என்று அதன் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இடது, வலது என்ற சொற்களைத் தடைசெய்துவிட்டோம். ட்ரோன் எங்களைப் பார்த்து நிற்கும்போது அவனுடைய இடது கேமராவுக்கு வலது. ஒருமுறை அந்தக் குழப்பத்தில் ஒரு கம்பத்தை நோக்கியே நகர்த்திவிட்டேன். இப்போது "கேமரா பக்கம்", "முதுகுப் பக்கம்", "மேலே" என்று மட்டும் சொல்கிறான். கூடவே, ஒன்றும் நடக்காவிட்டாலும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை "தெரியுது" என்பான். அந்தச் சொல் வராவிட்டால் நான் நிறுத்திவிடுவேன்.

இது பலித்த நாள் ஒன்று உண்டு. பாறைக் குன்றை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். "அம்மா, நில்! பருந்து, மேலே போ!" என்றான். காகிள்ஸில் குன்றும் வெயிலும் தவிர ஒன்றுமில்லை. ஸ்டிக்கை விட்டு, உடனே நேராக ஏற்றினேன். பறவைக்குக் கீழே பாய்வதுதான் சுலபம், செங்குத்தாக ஏறித் துரத்துவது கடினம். அது இரண்டு வட்டம் அடித்துவிட்டுப் போய்விட்டது. அது ட்ரோனுக்குப் பின்னாலிருந்து வந்தது, கடைசிவரை என் படத்தில் வரவே இல்லை. அதன் கூடு அந்தப் பக்கம் இருந்திருக்கலாம். அந்தக் குன்றுக்கு அப்புறம் நாங்கள் போகவில்லை.

மின்கம்பிகளை காகிள்ஸில் நம்பவே கூடாது. அனுப்பப்படும் படம் சுருக்கப்பட்ட படம், மெல்லிய கோடுகள் அதில் கரைந்துவிடும். தடை உணரும் சென்சாரும் மெல்லிய கம்பியைத் தவறவிடும். கம்பத்தைப் பார்த்தால் கம்பி இருக்கிறது என்றே கொள்ளுங்கள். மாட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் நடந்து பார்த்து, கம்பங்கள் எங்கே, உயர்ந்த மரம் எது என்று நானும் மகனும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். ட்ரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும்போது பறக்கும் உயரத்தை, அதாவது வீடு திரும்பும் உயரத்தை, அந்த மரத்தைவிட நன்றாகக் கூட்டி வைக்கிறேன்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பந்தய ட்ரோனில் கேமரா உடம்போடு ஒட்டியிருக்கும், காற்று தள்ளினால் படமும் சாயும். கிம்பல் ட்ரோனில் அப்படி இல்லை. ட்ரோன் காற்றில் தலைகுனிந்து போராடிக்கொண்டிருக்கும், கிம்பல் அதையெல்லாம் விழுங்கிவிட்டு ஓவியம்போல் ஒரு படத்தைக் காட்டும். ஒருநாள் காற்றோடு சேர்ந்து 400 மீட்டர் போய்விட்டேன். பேட்டரி சொற்பமாகத்தான் குறைந்தது. திரும்பும்போது ஸ்டிக்கை முழுசாகத் தள்ளியும் தரை நகரவே மாட்டேன் என்றது. வந்து சேர்ந்தபோது 14 சதவீதம். வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் ட்ரோன் சாய்ந்து நின்றதிலேயே காற்று தெரிந்திருக்கும். இப்போது முதல் பாதியை எப்போதும் காற்றுக்கு எதிராகவே போகிறேன். மேலே ஏறியதும் ஒரு நிமிடம் நிறுத்தி, "எவ்வளவு சாய்ஞ்சிருக்கு?" என்று மகனைக் கேட்கிறேன். நிற்கும் இடத்தில் இலை அசையாவிட்டாலும் 60 மீட்டர் உயரத்தில் காற்று வேறு.

தாமதமும் உண்டு. கேமரா பார்ப்பதற்கும் நாம் பார்ப்பதற்கும் இடையே நொடியின் ஒரு துளி கழிகிறது. 2021-இல் வந்த டிஜேஐ எஃப்பிவி ட்ரோனில் தாமதத்தைக் குறைக்கும் முறையில் 28 மில்லிநொடிக்கும் குறைவு என்கிறது நிறுவனத்தின் விவரக்குறிப்பு. பழைய கிம்பல் ட்ரோன்களில் 120 மில்லிநொடிக்கு மேல் போகும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 120 மில்லிநொடி என்றால், நீங்கள் பார்க்கும் இடத்தை ட்ரோன் ஏற்கெனவே 1.2 மீட்டர் தாண்டிவிட்டது. திறந்த வெளியில் இது ஒன்றுமே இல்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே புகும்போது இதுதான் எல்லாம். நான் புகுவதில்லை.

படம் எடுப்பதில் கிடைத்த பாடங்கள் எனக்குப் பிடித்தவை. வெயிலில் போன் திரையைப் பார்த்து ஓட்டியபோது, படம் இருட்டாகத் தெரிகிறதே என்று எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, கூட்டிக் கூட்டி வானத்தை வெளுக்கவைத்தேன். காகிள்ஸில் நேர்மாறாக நடந்தது. உள்ளே சுற்றிலும் இருட்டு, கண்மணி விரிந்திருக்கும், படம் பளிச்சென்று தெரியும். நான் குறைத்தேன், வீட்டில் பார்த்தால் எல்லாம் மங்கல். இரண்டிலும் கண் சொன்னதை நம்பியதுதான் பிசகு. இப்போது ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை, மட்டும் பார்த்து வைக்கிறேன்.

தலையைத் திருப்பினால் கேமராவும் திரும்பும் வசதி இருக்கிறதே, அது இடத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு மிக நல்லது, பதிவு செய்வதற்கு ஆகாது. நம் கழுத்து எவ்வளவு நடுங்குகிறது என்பது அந்தப் பதிவைப் பார்த்தால் தெரியும். பதிவு பட்டனைத் தொடுவதற்கு முன் அதை அணைத்துவிட்டு, ரிமோட்டில் கேமராவைச் சாய்க்கும் கிம்பல் சக்கரத்துக்கு வந்துவிடுங்கள். திருப்பும் வேகமும் ஏமாற்றும். தலையைத் திருப்பும் வேகம் காகிள்ஸுக்குள் இயல்பாகத் தோன்றும், தொலைக்காட்சியில் அதுவே கிறுகிறுக்கவைக்கும். 90 டிகிரி திரும்ப 15 நொடி எடுத்துக்கொள்கிறேன். உள்ளே இருக்கும்போது ஆமை வேகமாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திரை எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். முதல் டிஜேஐ காகிள்ஸின் பார்வைக்கோணம் 85 டிகிரி, திரையரங்கின் முதல் வரிசையில் உட்கார்ந்ததுபோல. பறப்பதற்கு ஆனந்தம். ஆனால் படத்தின் ஓரத்தில் ஒரு குப்பைத்தொட்டி நுழைந்ததைக் கவனிக்கக் கண்ணை மூலைமூலையாக ஓட்ட வேண்டும். 2024-இல் வந்த காகிள்ஸ் 3 மாடலில் 44 டிகிரிதான். சட்டகத்தை ஒரே பார்வையில் அளக்க எனக்கு அப்படிப்பட்ட சிறிய கோணம்தான் வசதி. படத்தைச் சுருக்கிக் காட்டும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் முயன்று பாருங்கள்.

ஒரு நண்பரிடம் எப்சன் மொவேரியோ பிடி-300 இருந்தது, கண்ணாடி வழியே வானமும் தெரிந்து அதன்மேல் படமும் மிதக்கும் வகை. ட்ரோனையும் படத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஆசையாக வாங்கி மாட்டினேன். பாதுகாப்புக்கு அது நல்ல யோசனை. ஆனால் படம் 23 டிகிரி அளவுக்குள் அடங்கிவிடுகிறது, பிரகாசமான வானத்தின் முன் வெளிறிவிடுகிறது. கறுப்பு மறைப்பைப் போட்டால் தெளிகிறது, அப்போது வானம் இருண்டுவிடுகிறது. எனக்கு ஒத்துவரவில்லை.

பராமரிப்பில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். காகிள்ஸைக் கழற்றினால் லென்ஸ் பக்கம் சூரியனைப் பார்க்க வைக்காதீர்கள். உள்ளே இருப்பது பூதக்கண்ணாடி. சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்கள், அதே வேலையை அது திரையில் செய்யும். பேட்டரி மாற்றும் நேரத்தில் மேசைமேல் மல்லாக்க வைத்தேன், சில நிமிடங்கள்தான். வலப்பக்கத் திரையில் பழுப்பாக ஒரு வளைகோடு நிரந்தரமாக விழுந்துவிட்டது. காகிள்ஸ் அணைந்திருந்தாலும் இது நடக்கும். இப்போது முகத்திலிருந்து கழன்றதும் நேராக மூடிக்குள் போகிறது. மற்றபடி, பனி படிந்தால் துடைக்க மென்துணி, பேட்டரி தனி வயரில் தொங்கும் மாடலானால் அந்த வயர் கைப்பிடியில் மாட்டாதபடி சட்டைக்குள் விடுவது, இவ்வளவுதான்.

இறக்குவதை நான் வெறுங்கண்ணால்தான் செய்கிறேன். ட்ரோனை 20 மீட்டர் உயரத்தில், முதுகு என்னைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்திவிட்டு, கையை ஸ்டிக்கிலிருந்து எடுத்துவிட்டுத்தான் காகிள்ஸைக் கழற்றுவேன். அந்த இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்ததும் சில நொடி கண் கூசும், ட்ரோன் எங்கே என்றே தெரியாது. அதற்காக பேட்டரியில் 30 சதவீதம் இருக்கும்போதே திரும்பிவிடுகிறேன். மகன் கையை நீட்டித் திசை காட்டுவான். கண் பிடித்ததும் "பார்த்துட்டேன்" என்று நான் சொன்ன பிறகுதான் அவன் கையை இறக்குவான். ரிமோட்டில் நிறுத்தும் பட்டன், வீடு திரும்பும் பட்டன் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகியது இந்தச் சில நொடிகளுக்குப் பெரிய துணை. இதை வீட்டில் உட்கார்ந்தே, ட்ரோனை இயக்காமலே பழகலாம்.

போன மாதம் மகன் முதல்முறையாக காகிள்ஸ் மாட்டினான், நான் துணைக்கண்ணாக நின்றேன். அதே ஏரி, அதே பின்னோக்கி இழுக்கும் காட்சி. அவன் உள்ளே "ஆஹா" என்றான். என்ன தெரிகிறது என்று பார்க்க எனக்குக் கை பரபரத்தது. போன் பையிலேயே இருந்தது. மரத்துக்கும் ட்ரோனுக்கும் நடுவே இருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே, அரை நிமிடத்துக்கு ஒருமுறை "தெரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.